ஆடித் தள்ளுபடி போர்டு வைக்கலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

சிறிய சேலைக்கடை வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் தெருமுனைப் பெரிய ஜவுளிக்கடையில் ஆனி பாதியிலேயே ஆடித் தள்ளுபடி பேனர் ஏறிவிட்டது, நாமும் 20 சதவீதமாவது அறிவிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அறிவிக்காதீர்கள் என்பதே என் பதில்.

முதலில் கணக்கு. 700 ரூபாய்க்கு எடுத்த சேலையை 1,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 300. வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். 20 சதவீதம் குறைத்தால் விலை 800, நிற்பது 100. ஒரு சேலையில் கிடைத்ததை எடுக்க இனி மூன்று சேலை விற்க வேண்டும். விற்றேவிட்டீர்கள் என்றாலும் கைக்கு வருவது பழைய லாபம்தான். மேலதிகமாகக் கிடைப்பது கால்வலி.

பெரிய கடையின் கணக்கே வேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை கல்லா காயும். அந்த நேரம் பார்த்துத் தீபாவளிச் சரக்குக்கு இடம் ஒழிக்க வேண்டும். மாடி மாடியாகத் தேங்கிய சரக்கில் முடங்கிய பணத்தை மீட்கத்தான் அவர்கள் விலையை இறக்குகிறார்கள். லாட்டாக எடுப்பதால் கொள்முதலிலேயே அடித்துப் பேசியிருப்பார்கள். ஆடிக்கென்றே மலிவு ரகத்தை வரவழைப்பவர்களும் உண்டு. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதம் தருகிறதே என்பீர்கள். கைத்தறித் தள்ளுபடிக்கு அரசு மானியம் இருக்கிறது ஐயா. உங்கள் தள்ளுபடிக்கு மானியம் உங்கள் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்த நஷ்டத்தைக்கூட ஒரு வருஷம் தாங்கிவிடலாம். ஆனியில் உங்களிடம் வாங்கியவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? வளைகாப்புக்கென்று பேரம் பேசாமல் 1,000 ரூபாய் எண்ணிக் கொடுத்த அம்மா, அதே சேலை 800க்குத் தொங்குவதைப் பார்ப்பார். பெரிய கடையில் என்றால் ‘அவன் அப்படித்தான்’ என்று போய்விடுவார். உங்கள் முகம் அவருக்குத் தெரியும். ‘நம்மகிட்ட இருநூறு ரூபா கூட வாங்கிட்டாரே’ என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். அடுத்த வருஷம் ஆடி வரட்டும் என்று காத்திருப்பார். உங்கள் வைகாசி வியாபாரமும் அங்கேயே படுத்துவிடும்.

தள்ளுபடிப் பழக்கத்தை விட நினைத்தவர்கள் பட்ட பாடு சின்னதல்ல. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பழம்பெரும் கடைத்தொடர், 2012-ல் கூப்பனையும் ஓயாத தள்ளுபடியையும் விலக்கிவிட்டு, தினமும் ஒரே நியாய விலை என்று அறிவித்தது. விலை நியாயமாகத்தான் இருந்தது. தள்ளுபடிக்கே பழகிய வாடிக்கையாளர்கள் வரவில்லை. அந்த ஆண்டு விற்பனை ஏறத்தாழ கால்பங்கு சரிந்தது. திட்டத்தைக் கொண்டுவந்த ரான் ஜான்சனின் பதவி 2013 ஏப்ரலில் போயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே திரும்பி வர முடியாத பாதையில் நீங்கள் ஏன் கால் வைக்க வேண்டும்?

சீட்டில் 1,250 என்று ஒட்டி, 20 சதவீதம் கழித்து 1,000க்கே கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கேட்கும். அதற்கு முன்பே உங்கள் தெரு கேட்டுவிடும்.

விலையைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மடிப்பில் நிறம் மங்கியது, சரிகை கறுத்தது, ஒற்றைப் பீஸாக நின்றுபோனது இவற்றைத் தனி அலமாரியில் வையுங்கள். குறை இன்னது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, எந்த மாதமானாலும் குறைந்த விலைக்குக் கொடுங்கள். அதற்குப் பேனர் வேண்டாம்.

ஆடியில் ஆள் வராது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்கு வீடுகளில் இப்போதே பட்டியல் போட ஆரம்பித்திருப்பார்கள். பெரிய கடைக் கூட்டத்தில் நின்று பொறுமையாகச் சேலை பிரித்துக் காட்ட ஆள் இருக்காது; உங்களிடம் நேரம் இருக்கிறது. ஃபால்ஸ் வைத்துக் கொடுங்கள், முந்தானைக்குக் குச்சு கட்டிக் கொடுங்கள், ரவிக்கைத் துணி தேடித் தாருங்கள். போன வருஷம் கல்யாணச் சேலை எடுத்தவர்களின் நம்பர் உங்கள் நோட்டில் இருக்குமே. பேனருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், இந்த வாரமே அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்