‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’



இறுதியாண்டு மாணவர்கள் மூவர் புராஜெக்ட் விஷயமாக நம் அலுவலகத்திற்கு வந்திருந்தார்கள். பென் டிரைவில் ஒரே புரோகிராமின் மூன்று நகல்கள். அவற்றின் பெயர்களே மேலே உள்ள தலைப்பு. ஒருவர் இரண்டு வாரம் உழைத்து எழுதிய பகுதி, மற்றவர் பழைய நகலை அதன்மேல் பதிந்ததால் அழிந்துவிட்டது. சமர்ப்பிக்க நான்கு நாட்களே இருந்தன.

இந்த இழப்பைத் தடுப்பதுதான் வெர்ஷன் கன்ட்ரோல். அதில் இன்று பெரிதும் பயன்படுவது ‘கிட்’ என்னும் இலவச மென்பொருள். பல நாட்டவர் சேர்ந்து எழுதும் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இதை உருவாக்கினார்.

கடைக் கணக்கில் பிழை வந்தால் பக்கத்தைக் கிழிப்பதில்லை. தேதியிட்டு அடுத்த வரியில் சரிசெய்கிறோம். கிட்டும் அப்படித்தான். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அதில் நிற்கும்.

கற்க வேண்டியவை நான்கு:

1. புராஜெக்ட் ஃபோல்டரில் ‘கிட் இனிட்’ கொடுத்தால் பதிவேடு திறக்கும்.

2. ஒரு சிறு வேலை முடிந்ததும் ‘கிட் ஆட்’ மூலம் ஃபைல்களைச் சேர்த்து, ‘கிட் கமிட்’ செய்யுங்கள். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

3. புதிதாக ஒன்றைச் சோதிக்கத் தனி ‘பிராஞ்ச்’ போடுங்கள். சரியாக வந்தால் ‘மெர்ஜ்’ செய்து இணைக்கலாம், வராவிட்டால் விட்டுவிடலாம். மூலம் கெடாது.

4. வேலையைத் தொடங்குமுன் ‘புல்’, முடித்ததும் ‘புஷ்’. கிட்ஹப் போன்ற தளத்தில் குழுவினர் அனைவரின் வேலையும் சேரும்.

ஒரே வரியை இருவர் வெவ்வேறாகத் திருத்தியிருந்தால், கிட் தானாகத் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் காட்டி நிறுத்திவிடும். பேசி முடிவெடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்து நீளமுள்ள அடையாளக் குறியீடு கிடைக்கும். ஆய்வேட்டின் அட்டவணைக்குப் பக்கத்தில் அதைக் குறித்து வையுங்கள். “இந்த எண் எப்படி வந்தது?” என்று தேர்வாளர் கேட்டால், அதே புரோகிராமை எடுத்துக் காட்டலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்: கமிட் செய்துவிட்டுப் புஷ் செய்யாமல் இருந்தால், லேப்டாப் பழுதாகும்போது வேலையும் போய்விடும். பாஸ்வேர்டையும், ஆய்வுக்குத் தகவல் தந்தவர்களின் பெயர், போன் எண்களையும் கிட்டில் சேர்க்காதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அவை இருக்கும். பிறர் நம்பித் தந்த தகவல் அமானிதம்.

அந்த மூவருக்கும் அழிந்த பகுதி திரும்பக் கிடைக்கவில்லை. இரவு பகலாக மீண்டும் எழுதினார்கள். ஆனால் இம்முறை முதல் நாளே கிட் பதிவைத் தொடங்கிவிட்டார்கள். நம் பிள்ளைகள் அந்த முதல் நாளைப் புராஜெக்ட் தொடங்கும்போதே வைத்துக்கொள்ளட்டும். இன்று வீட்டிலேயே ஒரு சிறு ஃபோல்டரில் முதல் கமிட்டைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.