கலவை மிஷினை இழுக்க எந்த வண்டி?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

புது பிக்கப் எடுக்கப்போகிறாய். கலவை மிஷினைப் பின்னால் மாட்டி இழுக்கவும் வேண்டும், தினமும் வேலைக்கு ஓட்டிப்போகவும் வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஷோரூமில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்களாம். இரண்டு பேருமே இன்ஜின் எத்தனை குதிரை, எவ்வளவு டார்க் என்றுதான் பேசியிருக்கிறார்கள். உன் மிஷின் என்ன எடை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் எழுதவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் வண்டிப் பெயர் வரக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்.

நீ யூடியூபில் பார்க்கிற பிக்கப் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்தவை. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப் வரிசை நாற்பது வருஷத்துக்கு மேலாக விற்பனையில் முதலிடத்தில் இருக்கும் டிரக். அங்கே வாரம் முழுக்க ஆபீசுக்கு அதில்தான் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை படகையோ கேரவனையோ மாட்டி இழுப்பார்கள். நம் ஊர் சின்ன லோடு வண்டிகள் வேறு வழியில் வந்தவை. 1988இல் டாட்டாமொபைல் வந்தது. 2005இல் டாட்டா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல், முக்கால் டன் சுமை. குட்டி யானை என்று ஜனங்களே பேர் வைத்துவிட்டார்கள். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன். இவை எல்லாமே முதுகில் சுமக்கச் செய்த வண்டிகள். பின்னால் ஒன்றைக் கட்டி இழுக்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. விவரத் தாளைப் புரட்டிப் பார். சுமக்கும் எடை கொட்டை எழுத்தில் இருக்கும். இழுக்கும் எடை என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்காது.

இழுவை எடையை அச்சடித்துக் கொடுக்கிற வண்டியையே எடுத்துக்கொள்வோம். டொயோட்டா ஹைலக்ஸ். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் அதன் இழுவை எடை 3,500 கிலோ என்று விளம்பரம் செய்வார்கள். அதே தாளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, 750 கிலோ. முதல் எண், தனக்கென்று பிரேக் வைத்த டிரெய்லருக்கு. இரண்டாவது எண், பிரேக் இல்லாத டிரெய்லருக்கு. அதே இன்ஜின், அதே சேஸிஸ், அதே டயர். பின்னால் வருவது தானாக நிற்காது என்றால் அளவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இப்போது உன் மிஷினை நினைத்துப் பார். இரும்புச் சட்டம், டிரம், ஹாப்பர், டீசல் இன்ஜின், கீழே சக்கரம். பிரேக் எங்கே இருக்கிறது?

ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கலக்கும் மிஷின், ஹாப்பரோடு சேர்த்தால், ஒரு டன்னை ஒட்டி வரும். பேச்சுக்கு 1,000 கிலோ என்று வைத்துக்கொள். காலி வண்டி 1,600 கிலோ. பிரேக்கை மிதித்தால் ரோட்டைப் பிடித்து நிறுத்துவது வண்டியின் நாலு டயர்தான். அந்தப் பிடிப்பு வண்டியின் சொந்த எடை தருவது. ஆனால் நிற்க வேண்டிய எடை 2,600 கிலோ. முழுப் பிரேக் போட்டால் காலி வண்டி பத்து மீட்டரில் நிற்கிற வேகத்தில், மிஷினோடு பதினாறு மீட்டர் போகும். இது காய்ந்த, நேரான ரோட்டில். நம் புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம் பக்கம் எதிரே ஸ்கூட்டர் குறுக்கே வந்தால் அந்த ஆறு மீட்டரை யாரிடம் கேட்பாய்? அதோடு வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இழுக்கிறவர்கள் இருபதில் ஊர்ந்து போவது இதனால்தான்.

வளைவில் இன்னும் மோசம். காலி பிக்கப்பின் பின்பக்கம் இயல்பாகவே லேசு. ஸ்பிரிங் பட்டைகள் லோடுக்காக வைத்தவை, காலியாகப் போகும்போது பின்பக்கம் துள்ளும். அந்த நேரம் திடீரென்று பிரேக் போட்டால் மிஷின் பின்னாலிருந்து தள்ளும், வண்டியின் வால் ஒரு பக்கம் ஒதுங்கும், முன்பக்கம் மறுபக்கம் திரும்பும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் அப்போது பயன் இல்லை. மழை நாளில் வில்லியனூரிலிருந்து பாகூர்ப் பக்கம் வாய்க்கால் கரையோரமாகப் போகிற ரோடுகளை நீயே பார்த்திருக்கிறாய், ஓரத்தில் தடுப்புக்கூட இருக்காது.

இனி கொக்கியைப் பார்ப்போம். கட்டட வேலை நடக்கிற எந்த இடத்திலும் மிஷினை மாட்டி வந்த வண்டியின் பின்னால் குனிந்து பார். மிஷினின் இழுவைக் கம்பி நுனியில் ஒரு வளையம். வண்டியின் பின்பம்பரில் ஒரு ஆங்கிள் துண்டை வெல்டு வைத்து, அதில் ஓட்டை போட்டு, ஒரு பின்னை இறக்கியிருப்பார்கள். அந்தப் பின் மேலே எழும்பாமலிருக்க அடியில் ஒரு எட்டு எம்எம் கம்பித் துண்டை வளைத்துச் சொருகியிருப்பார்கள். ஒரு டன் இரும்பு அந்தக் கம்பித் துண்டை நம்பி வருகிறது. பம்பர் இடித்தால் நசுங்குவதற்காக வைத்தது, இழுப்பதற்கு அல்ல. கொக்கியை சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டுத்தான் பொருத்த வேண்டும். வெல்டிங் சூட்டில் சேஸிஸ் இரும்பின் பலம் குறையும், வாரண்டியும் போகும். பின் கழன்றாலும் மிஷின் தனியே ஓடாதபடி இரண்டு சங்கிலி, வளையத்துக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். பின்விளக்கை டிரம் மறைத்துவிடும் என்பதால் மிஷினின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்ட வேண்டும். இருட்டிய பிறகு கலவை மிஷினை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வரவே கூடாது, என்ன அவசரமானாலும் சரி.

வளையத்தில் இறங்கும் எடையையும் கவனி. டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு வண்டியின் கொக்கியில் இறங்கினால் பின்வண்டி ஆடாமல் வரும் என்பது பரவலாக உள்ள நடைமுறை. ஒரு டன்னுக்கு நூறு கிலோ. மிஷினின் எடை சக்கரத்துக்குப் பின்னால் சாய்ந்திருந்தால் கொக்கியை மேலே தூக்கும், வண்டி பாம்பாய் நெளியும்.

சட்டமும் இதில் உன் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். கலவை மிஷினுக்கு யார் பதிவு எண் வாங்கியிருக்கிறார்கள்? ஊரெல்லாம் இழுக்கிறார்களே என்பாய். இழுக்கிறார்கள். எதிரே வந்தவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அந்தக் கொக்கியைத்தான். சரக்கு வண்டிக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, 7,500 கிலோவுக்கு உட்பட்டதென்றால், 2022 அறிவிப்பின்படி வருஷத்துக்கு 16,049 ரூபாய், வரி தனி. அவ்வளவு கட்டிவிட்டு, தேவைப்படும் நாளில் அது கை கொடுக்காமல் போனால் என்ன லாபம்?

ஒரு நல்ல சேதியும் உண்டு. உன்னிடம் இருக்கிற கார் லைசென்ஸே போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. பேட்ஜ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே.

இப்போது எடைக் கணக்கு. ஆர்.சி.யில் இரண்டு எண் இருக்கும்: காலி எடை, மொத்த எடை. மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நீ ஏற்றக்கூடியது, அதில் டிரைவரும் அடக்கம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை என்று சட்டத்தின் 66ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. நம் ஊர்க்காரனுக்கு இது பெரிய விஷயம். வில்லியனூரிலிருந்து திருபுவனைக்கு வேலைக்குப் போனால் நடுவில் கண்டமங்கலம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. நாளைக்கு எத்தனை முறை எல்லை தாண்டுவாய் என்று உனக்கே தெரியும். (தமிழ்நாட்டு வரி வேறு கதை, அதை முதலியார்பேட்டை போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்.) அளவுக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. வண்டிப் பெட்டிக்கு வெளியே நீளும் கம்பிக்கும் அதே 20,000. சிமெண்ட் இருபது மூட்டை ஒரு டன் என்பது உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்டரிங் பலகைக்கும் ஜாக்கிக்கும் மட்டும் யாரும் எடை பார்ப்பதில்லை. பார்.

உன் வேலை நாளை நினைத்துப்பார்க்கிறேன். மிஷின் தேவைப்படுவது தளம் போடும் நாளில், வாரத்தில் ஓரிரு நாள். மற்ற நாளெல்லாம் வண்டியில் போவது என்ன? நாலு ஆள், பலகை, முட்டு, சாமான் பை, மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கு. அந்த நாலு ஆளும் இப்போது எங்கே உட்கார்ந்து வருகிறார்கள்? பின்னால், ஜாக்கிக் கம்பிகளின் மேல். எனக்கு மிஷினைவிட இதுதான் பெரிய கவலை. லோடு பெட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டி சாய்ந்தால் முதலில் போவது அவர்கள் உயிர். காலையில் உன்னை நம்பி ஏறுகிறவர்களுக்கு ஒரு சீட்டும் ஒரு பெல்ட்டும் கொடுப்பதுதான் புது வண்டி வாங்குவதற்கு முதல் காரணமாக இருக்க வேண்டும்.

அதனால் இரட்டைக் கேபின் வண்டி எடு. மஹிந்திராவின் பொலேரோ கேம்பர் இருக்கிறது, டாட்டா யோதாவில் க்ரூ கேப் இருக்கிறது. இரண்டுமே சரக்கு வண்டியாகப் பதிவாகும், பின்னால் ஒரு டன் அளவுக்கு ஏற்றலாம், இரண்டுக்கும் மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பான். டாட்டா ஏஸ் உன் வேலைக்குச் சின்னது, முன்னால் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. தோஸ்தும் டாட்டா இன்ட்ராவும் நல்ல வண்டிகள், லோடு மட்டும் என்றால் அவைதான் லாபம். ஆள் பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கும். ஸ்ரீசிட்டியில் செய்யும் இசுசு வி-கிராஸ் மேலும் ஹைலக்ஸ் மேலும் உனக்கு ஆசை இருக்கிறது என்று அக்கா சொன்னாள். அழகான வண்டிகள்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளைப் போர்டில் பதிவு செய்துவிட்டு வாடகைக்கு மிஷின் கொண்டுபோனால் அதிலும் இன்சூரன்ஸ் சிக்கல். அந்தப் பளபளப்பான பெட்டியில் ஜல்லி ஒட்டிய பலகையைத் தூக்கிப் போட உனக்கே மனசு வராது.

டீசல் வண்டி எடுத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வைக்கிறார்கள். அந்தக் கரி எரிந்து போக வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓடிச் சூடேற வேண்டும். மூலக்குளத்துக்கும் ரெட்டியார்பாளையத்துக்கும் நடுவே மட்டும் நின்று நின்று ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரத்தில் ஒரு நாள் விழுப்புரம் ரோட்டில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு வா.

டெஸ்ட் டிரைவ் என்று காலி வண்டியை ஷோரூமைச் சுற்றி ஓட்டிக் காட்டுவார்கள். அதை நம்பாதே. முக்கால் டன் ஏற்றிக் கேள், கொடுப்பார்கள். அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஏறி, கூட்டம் இல்லாத விடியற்காலையில், பாதி ஏற்றத்தில் ஓரமாக நிறுத்து. ஹேண்ட் பிரேக்கில் பிடித்து மறுபடி எடு. கிளட்ச் வாசனை வருகிறதா, வண்டி பின்னால் நழுவுகிறதா என்று பார். இறக்கத்தில் இரண்டாம் கியரில் பிரேக் தொடாமல் எவ்வளவு அடங்கி இறங்குகிறது என்றும் பார்.

மிஷின்? இப்போது வருகிற வாடகை டிராக்டரே இழுக்கட்டும். டிராக்டருக்குப் பின்சக்கரத்தில் எடை இருக்கிறது, வேகம் இல்லை, அது இழுக்கவே பிறந்தது. அந்த வாடகையைத் தளம் போடும் கூலியில் சேர்த்துக் கேள், மேஸ்திரிகள் கொடுப்பார்கள். சின்ன வேலைக்கு ஹாப்பர் இல்லாத அரை மூட்டை மிஷின் ஒன்று வாங்கி, பலகை சரிவில் ஏற்றிப் பெட்டிக்குள் கட்டிக்கொண்டு போகலாம். நாலு மூலையிலும் பெல்ட் போட்டு இறுக்கு, கயிறு வேண்டாம்.

இவ்வளவும் உன் மிஷின் ஒரு டன் என்ற ஊகத்தில் எழுதியது. தளம் போட்டு முடித்துத் திரும்பும்போது டிராக்டர்காரரிடம் சொல்லி, மிஷினை மட்டும் எடை மேடையில் நிறுத்தி எடை போடு. சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அதுவரை எந்த ஷோரூமிலும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா