எழுத்தின் திறவுகோல்

மதுரை மாநகருக்கு வடகிழக்கே, மேலூரை அடுத்த சமவெளியில் மாங்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகிலுள்ள குன்றின் குகைகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய எழுத்துகளைக் காணலாம். இராபர்ட் சீவல் என்னும் ஆங்கிலேயர் 1882ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டறிந்தார். ஆயினும், அவை தமிழ்ச் சொற்களே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டும் வரை, அவற்றின் பொருள் விளங்கவில்லை. அவற்றுள் நெடுஞ்செழியன் என்னும் பெயர் இருத்தலைப் பின்னர் ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். கல் சிதையவில்லை, எழுத்தும் அழியவில்லை. அவ்வெழுத்தைத் தமிழுக்கு எவ்வாறு பொருத்தி எழுதினர் என்னும் திறவுகோலே மறைந்திருந்தது.

கல்லெழுத்துக்குப் பல நூற்றாண்டுகளில் நேர்ந்த இந்நிலை, கணினியில் ஏறிய தமிழுக்கு ஒரு தலைமுறைக்குள்ளேயே நேர்ந்தது. அஃது எவ்வாறு எனக் காண்போம்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன வடிவத்தைத் திரையில் வரைதல் வேண்டும் என்று அதற்குக் கற்பிக்க வேண்டும். அவ்வடிவங்களின் தொகுப்பே எழுத்துரு எனப்படும். பழைய எழுத்துரு ஒன்றில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் அடங்குமோ? அடங்கா. ஆதலின், கொம்பு, கால் முதலிய உறுப்புகளாக எழுத்துகளைப் பிரித்து அமைத்தனர். எந்த உறுப்புக்கு எந்த எண் என்பதை அவரவர் தம் விருப்பப்படி வகுத்துக்கொண்டனர். சில எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினி என்பது அத்தகையது. அதில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினி தன்னுள் வைத்துக்கொள்வது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே! அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில் அம்மாவைக் காண இயலாது. அந்த ஐந்து குறிகளையே காணலாம்.

இக்குறையை நீக்க அறிஞர் பலர் முயன்றனர். திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டு முறை உருவாயிற்று. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு முறைகளை ஏற்றது. ஆயினும், முறைகள் பலவாகவே இருந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி, 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கும் இடம் அளித்திருந்தது. அதில் ‘அ’ என்பதற்கு 2949. ‘க’ என்பதற்கு 2965. எழுத்துரு மாறினும் எண் மாறாது. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

பழைய கோப்புகளை மீட்க வழி யாது? பழைய எழுத்துருவைத் தேடிப் புதிய இயங்குதளத்தில் நிறுவுதல் ஒரு வழி. அப்போது கண்ணுக்குத் தமிழ் தோன்றும். ஆனால், கணினிக்கு அது தமிழ் ஆகாது. அதில் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. கோப்பையே ஒருங்குறிக்கு மாற்றுதல்தான் நிலையான வழி. அது வெறும் எண் மாற்றம் அன்று. ‘கொ’ என்பது பழைய முறையில் கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையில் நிற்கும். ஒருங்குறியில் ககரமே முன் நிற்றல் வேண்டும். மேலும், ‘ர்’ என்பதைச் சிலர் துணைக்காலின் மேல் புள்ளியிட்டு அமைத்தனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வேறு. அவ்வாறு எழுதிய ‘அவர்’ என்னும் சொல்லைத் தேடுவோர் காணமாட்டார். ஆகவே, மாற்றிய பின்னரும் மனிதர் மெய்ப்புப் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய உழைப்புக்குச் சான்று, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனனும் அதனை முன்னின்று நடத்தினர். சங்கம் இருந்ததாக மரபு போற்றும் நகரின் பெயரைத் தாங்கிய அத்திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது நூல்களைத் தட்டெழுதினர், பிழை திருத்தினர். திஸ்கி முறையில் அமைந்த அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. அதனாலன்றோ அவற்றை இன்று கைப்பேசியிலும் படிக்கின்றோம்!

எழுதி வைத்தல் மட்டும் போதாது. பின் வருவோர் படிக்கும் வகையை அறிந்து, அதற்கேற்ப மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளை, அவற்றின் திறவுகோல் கையில் உள்ளபோதே மீட்டு வைத்தல் நம் கடன்.