பவளத் தொட்டிக்கு எல்.இ.டி.: லுமென் கணக்கு உதவாது

காரைக்கால் கடலோரத்தில் பவளப்பாறை கிடையாது. அரசலாறு கொண்டுவந்து கொட்டும் வண்டலும் நன்னீரும் பவளத்துக்கு ஒத்துவராது. வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து மென்பவளம் வளர்க்க அது தடையில்லை. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டும்போதுதான் சில தவறான நம்பிக்கைகள் குறுக்கே வருகின்றன.

நம்பிக்கை: நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் பவளத்துக்கும் போதும்.

லுமென் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. பகலில் நம் கண் 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சை ஒளியைத்தான் மிகக் கூர்மையாக உணரும். பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசியோ 400 முதல் 500 வரையுள்ள நீலத்தையே அதிகம் உறிஞ்சும். தெளிந்த கடலில் ஆழம்வரை இறங்குவதும் அந்த நீலம்தான். பாசி தயாரிக்கும் சர்க்கரையே பவளத்தின் உணவில் பெரும்பகுதி. ஆகவே மங்கலாகத் தெரியும் நீல எல்.இ.டி. பவளத்துக்கு வயிறு நிறையக் கொடுக்கும். கூடத்தையே வெளுக்க வைக்கும் சாதாரண வெள்ளை விளக்கு அரைவயிற்றோடு விட்டுவிடலாம். கடையில் கேட்க வேண்டியது 'பார்' அளவு. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளி, பவளம் இருக்கும் இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதே அது.

நம்பிக்கை: வாட் குறைவுதானே, முதல் நாளே முழு வெளிச்சம் வைக்கலாம்.

அதிகச் சேதம் செய்வது இதுதான். 250 வாட் விளக்கு இருந்த இடத்தில் 100 வாட் எல்.இ.டி. வந்தாலும், லென்ஸ் ஒளியைக் குவிப்பதால் பவளத்தின் மேல் விழுவது முன்பைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். ஒளி மிதமிஞ்சினால் பாசிக்குள் நச்சு ஆக்சிஜன் சேரும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். பாதி அளவில் தொடங்கிச் சில வாரங்களில் மெல்ல ஏற்றுவதே முறை. ஜோவாந்திட் என்னும் பொத்தான் பாலிப்பைப் பார்த்தாலே நிலவரம் புரியும்: ஒளி போதாவிட்டால் காம்பை நீட்டி மேலே எழும்பும்; மிகுந்தால் வாயை மூடிச் சுருங்கிக் கிடக்கும்.

நம்பிக்கை: எல்.இ.டி. சூடாகாது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் வேண்டாம்.

சூடாகும். மெட்டல் ஹாலைடு தன் வெப்பத்தில் பெரும்பங்கைக் கீழே தண்ணீர்மீது வீசும், எல்.இ.டி.யின் வெப்பம் முதுகுப்பக்கத்து அலுமினியத் தகட்டுக்குப் போகும். மூடிய மரப்பெட்டிக்குள் வைத்தால் விளக்கின் ஆயுள்தான் குறையும். உப்புக்காற்றில் விளக்கின் ஃபேன் துருப்பிடிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். விளக்கு என்னவாக இருந்தாலும் மே மாத அறைவெப்பம் தொட்டியை 30 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும்; சில்லர் இல்லாவிட்டால் பவளம் தாங்காது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் கடல் சூடேறியபோது பவளங்கள் பரவலாக வெளிறின.

நம்பிக்கை: நல்ல விளக்கு இருந்தால் எந்தப் பவளமும் வளர்க்கலாம்.

வளரலாம், சட்டம் விடாது. பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். கோமாளி மீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது. அப்படி வளர்ந்த குஞ்சுகளைக் கேட்டு வாங்கலாம்.