புதிய மடிக்கணினி வாங்குமுன் ஒரு கணக்கு



2023-ஆம் ஆண்டில், கல்லூரி திறந்த புதிதில், முதலாண்டு மாணவர் ஒருவர் ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய அக்காள் ஆறு ஆண்டுகள் பயன்படுத்திய கணினி அது. பொத்தானை அழுத்தினால், வேலைக்குத் தயாராவதற்கு நான்கு நிமிடங்கள் ஆயின.

“சார், இது பழசாயிடுச்சு. புதுசு வாங்க அம்மா வளையலை அடகு வைக்கலாம்னு சொல்றாங்க. எது வாங்கலாம்?” என்று கேட்டார்.

“எது வாங்கலாம் என்பது இருக்கட்டும். அந்த நான்கு நிமிடமும் கணினி என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்” என்றேன்.

அன்று நாங்கள் இருவரும் போட்ட கணக்கையே இக்கட்டுரையில் உங்கள் முன் வைக்கிறேன். 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியதால், நம் ஊர்களில் பல வீடுகளில் பழைய மடிக்கணினி ஒன்று அலமாரியில் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால், இந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும்.

மூன்று உறுப்புகள்

கணினியின் வேகம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பொருளின் வேகமன்று. அதில் மூன்று உறுப்புகள் முக்கியமானவை.

முதலாவது செயலி. கணக்கிடும் வேலையைச் செய்வது இதுவே. இரண்டாவது நினைவகம். கடைக்காரர்கள் இதை ‘ராம்’ என்பார்கள். செயலிக்கு உடனடியாக வேண்டியவை இங்கே இருக்கும். மின்சாரம் நின்றால் இதிலுள்ளவை அழிந்துவிடும். மூன்றாவது சேமிப்பகம். மின்சாரம் இல்லாதபோதும் நம் கோப்புகள் இதில் நிலைத்திருக்கும். பழைய கணினிகளில் சேமிப்பகமாக இருப்பது சுழலும் வன்தட்டு, அதாவது ‘ஹார்டு டிஸ்க்’. புதிய கணினிகளில் இருப்பது எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகம்.

கணினியைத் தொடங்கும்போது, அதை இயக்குவதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்திற்கு வந்தாக வேண்டும். அவை வரும் வரையில் செயலி சும்மா காத்திருக்க வேண்டியதுதான்.

சுழலும் தட்டின் கணக்கு

வன்தட்டு 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் அறிமுகப்படுத்தப்பட்டது. முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. இன்று அது உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது. ஒரு கரத்தின் நுனியிலுள்ள தலை அதன்மேல் நகர்ந்து, பதிவுகளைப் படிக்கிறது.

மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். இனி உங்கள் பாடநூற் கணக்கைப் போலவே இதையும் செய்வோம்.

ஒரு வினாடியில் சுற்றுகள் = 5,400 ÷ 60 = 90.

ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் = 1 ÷ 90 வினாடி = 11.1 மில்லிவினாடி.

வேண்டிய பதிவு தலைக்கு நேரே வருவதற்குச் சில சமயம் உடனே வாய்ப்புண்டு. சில சமயம் ஒரு முழுச் சுற்றும் ஆகும். ஆகவே சராசரிக் காத்திருப்பு அரைச்சுற்று, அதாவது 5.6 மில்லிவினாடி. இதற்கு முன்பாகத் தலை உரிய தடத்திற்கு நகர ஏறத்தாழ 12 மில்லிவினாடி ஆகும். இரண்டையும் கூட்டினால் 17.6 மில்லிவினாடி.

‘கண் இமைக்கும் நேரத்திலும் குறைவுதானே’ என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் தட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் 12,000 துண்டுகளைப் படிக்க வேண்டும் எனக் கொள்வோம். 12,000 × 17.6 மில்லிவினாடி = 211 வினாடி. மூன்றரை நிமிடம் ஓடிவிட்டது!

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைப்பதே அதில் பதிவு செய்யும் முறை. ஒரு துண்டைப் படிக்க ஏறத்தாழ 0.1 மில்லிவினாடி போதும். அதே 12,000 துண்டுகளையும் 1.2 வினாடியில் படித்துவிடலாம்.

ஒரு வினாடியைப் பெரிதாக்கிப் பார்த்தால்

மில்லிவினாடி, நானோவினாடி என்றால் மனத்தில் பதிவதில்லை. ஆகவே அளவைப் பெரிதாக்குவோம். நினைவகத்திலிருந்து ஒன்றைப் பெற ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகும். அதை 1 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கோவையில் மேசைமுன் அமர்ந்து படிக்கிறீர்கள். மேசைமேல் உள்ள நூலை எடுக்க 1 வினாடி, இது நினைவகம். அதே அளவில் எஸ்.எஸ்.டி.க்கு 1,000 வினாடி, அதாவது சுமார் 17 நிமிடம். பக்கத்துத் தெரு நூலகத்திற்கு நடந்து போய் வருவது போல. வன்தட்டுக்கோ 1,76,000 வினாடி ஆகும். இது இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். சென்னைக்கு இரயிலேறிப் போய், கன்னிமரா நூலகத்தில் நூலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது போல!

நினைவகம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்து விளங்கும். மேசை சிறியதாயின், ஒரு நூலை வைக்க மற்றொன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். நினைவகம் நிரம்பியதும் கணினியும் அதிலுள்ளவற்றில் ஒரு பகுதியைச் சேமிப்பகத்திற்கு மாற்றிவைக்கிறது. தேவைப்படும்போது மீண்டும் கொண்டுவருகிறது. சேமிப்பகம் வன்தட்டாக இருந்தால், ஒவ்வொரு மாற்றமும் ஒரு சென்னைப் பயணந்தான். இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தவுடன் பழைய கணினி உறைந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எந்த உறுப்பை மாற்றுவது?

மாணவரின் கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், ஒவ்வோர் உறுப்பும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்னும் பட்டியல் தோன்றும். வன்தட்டு 100 சதவீதத்தில் நின்றது. செயலியோ 10 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. 4 கிகாபைட்டு நினைவகமும் ஏறக்குறைய நிரம்பியிருந்தது.

ஆக, நான்கு நிமிடத்தில், அதாவது 240 வினாடியில், 210 வினாடி வன்தட்டுக்கும் 30 வினாடி செயலிக்கும் என்று மதிப்பிட்டோம். இனிமேல் முடிவு கணக்கின் கையில்.

செயலியை இருமடங்கு வேகமாக்கினால்: 210 + 15 = 225 வினாடி. மிச்சம் 15 வினாடி மட்டுமே.

வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால்: ஏறத்தாழ 1 + 30 = 31 வினாடி.

அமெரிக்கக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் எடுத்துக்காட்டிய உண்மை இதுதான். ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், அப்பகுதி மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு எடுத்ததோ அதற்கு மேல் ஆதாயம் கிடைக்காது. இதனை ஆம்டால் விதி என்பர்.

மாணவர் ஒரு 256 கிகாபைட்டு எஸ்.எஸ்.டி.யும், கூடுதலாக 4 கிகாபைட்டு நினைவகமும் வாங்கி வந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, அன்றைய புதிய மடிக்கணினி விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொருத்திய பின் கணினி 40 வினாடிக்குள் தயாராயிற்று. வளையல் அம்மாவின் கையிலேயே இருந்தது.

கழற்றுமுன் கவனிக்க

ஆர்வத்தில் உடனே திருப்புளியை எடுத்துவிடாதீர்கள். முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறிடத்தில் படி எடுத்து வையுங்கள். உங்கள் கணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு, அதற்குரிய உறுப்பு எதுவென்று அறிந்துகொள்ளுங்கள். டி.டி.ஆர். 3 வகை நினைவகம் 1.5 அல்லது 1.35 வோல்ட்டில் இயங்கும், டி.டி.ஆர். 4 வகை 1.2 வோல்ட்டில் இயங்கும். ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. தவறாகச் செருகாதபடி வெட்டுக்குறியின் இடமும் மாறியிருக்கும். சில மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது.

மின்இணைப்பையும், இயன்றால் மின்கலத்தையும் நீக்கிய பின்பே திறக்க வேண்டும். உடலிலுள்ள நிலைமின்னூட்டம் நுண்சில்லுகளைக் கெடுக்க வல்லது; ஆகவே முதலில் தரையோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டுவிடுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். பழுது பார்ப்பவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

எந்த இயங்குதளம்?

உறுப்புகளையெல்லாம் மேய்த்து வேலை வாங்கும் மென்பொருளே இயங்குதளம். எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என்று பங்கிடுவது அதன் பணி.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அதற்காக அக்கணினிகள் நின்றுவிடவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் முன்போல் வருவதில்லை. குறிப்பிட்ட காலத்திற்கு நீட்டிப்புப் பெற வழி உண்டெனினும், அது நிலையான தீர்வன்று. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 கிகாபைட்டு நினைவகம், 64 கிகாபைட்டு சேமிப்பகம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு, அதன் பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும். பழைய மடிக்கணினிகள் பல இத்தேர்வில் தோற்றுவிடும். கடையில் யாரேனும் உரிமமற்ற படியைப் போட்டுத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதை நீங்கள் அறிய முடியாது.

மற்றொரு வழி லினக்ஸ். இதன் கருவை 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். அதன்மேல் அமைந்த உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலியவற்றை விலையின்றிப் பெறலாம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனமும் பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியுள்ளது. லினக்ஸ் மின்ட்டுக்கு 2 கிகாபைட்டு நினைவகம் குறைந்த அளவு. 4 கிகாபைட்டு இருந்தால் வசதி.

இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவதில் பயனில்லை. ‘எனக்கு வேண்டிய மென்பொருள் எதில் இயங்கும்?’ என்பதே சரியான கேள்வி. வணிகவியல் படிப்பவர் டேலி பழக வேண்டுமாயின் அவருக்கு விண்டோஸே ஏற்றது. பைத்தான் நிரலாக்கம், ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ், இணையப் பாடங்கள் போதுமெனில் லினக்ஸ் தாராளமாகப் போதும். லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வை-பை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதித்த பின் நிறுவுங்கள். நிறுவும்போது தவறான விடையை அழுத்தினால் வட்டிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

வாங்கியே ஆகவேண்டுமாயின்

எல்லாப் பழைய கணினிகளும் பிழைப்பதில்லை. கீல் உடைந்து, 2 கிகாபைட்டு நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்த கணினி ஒன்றை மற்றொரு மாணவி கொண்டுவந்தபோது, ‘இதில் பணம் போடாதே, அம்மா’ என்றுதான் சொன்னேன்.

புதிதாக வாங்குவோர் எஸ்.எஸ்.டி. உண்டா, 8 கிகாபைட்டு நினைவகம் உண்டா, பின்னாளில் கூட்டுவதற்குக் காலியிடம் உண்டா என்று கேளுங்கள். செயலியின் பெயரை மட்டும் பார்க்காமல், அது எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதையும் கேளுங்கள். மின்கலத்தின் அளவை வாட்-மணியில் பாருங்கள். 45 வாட்-மணி மின்கலமுள்ள கணினி சராசரியாக 9 வாட் திறனில் இயங்கினால், 45 ÷ 9 = 5 மணி நேரம் ஓடும்.

சுவரொட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொடுப்பது எளிது. காத்திருப்பது எந்த உறுப்பு என்று அளந்து பார்த்துவிட்டுக் கொடுப்பதே அறிவியல் கற்பவர்க்கு அழகு. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் அளவீடு, சில வேளைகளில் ஒரு வீட்டின் நகையையும் காப்பாற்றும்.

செய்து பாருங்கள்

1. ஒரு வன்தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கிறது. அரைச்சுற்றுக்கு ஆகும் நேரம் என்ன?

2. ஒரு செயலியின் துடிப்பு வினாடிக்கு 200 கோடி. 17.6 மில்லிவினாடி காத்திருப்பில் எத்தனை துடிப்புகள் வீணாகின்றன?

3. 500 கிகாபைட்டு என்று விற்கப்படும் வன்தட்டை விண்டோஸ் ஏறத்தாழ 465 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

விடைகள்: 1. 4.17 மில்லிவினாடி. 2. 3 கோடியே 52 இலட்சம். 3. இல்லை. செய்தவர் 1 கிகாபைட்டை 100 கோடி பைட்டு எனக் கொள்கிறார். விண்டோஸ் 107,37,41,824 பைட்டு, அதாவது இரண்டின் முப்பதாம் அடுக்கு எனக் கொள்கிறது. வகுத்துப் பாருங்கள்.