எந்தத் தெய்வத்துக்கு எந்த வேலை?

மலையகத்தில் ஒரு தோட்டத்தைச் சுற்றிவந்தால், அங்கு நடக்கும் வேலைகளைத் தெய்வங்கள் நிற்கும் இடங்களைக் கொண்டே சொல்லிவிடலாம். லயங்களின் அருகே மாரியம்மன் கோவில். மலைக்கு ஏறும் பாதையோரம், மரத்தடியில், முனியாண்டி அல்லது மாடசாமி. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் வணங்கக் கவ்வாத்துச்சாமி, ஸ்டோரைக் காக்க ரோதைமுனி. நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் பக்கத்துக் காம்பராவில் வாழ்வோர் கும்பிடும் தெய்வங்கள் இவை. "ஏன் இத்தனை சாமி?" என்று பிள்ளைகள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுகிறோம். அது தகுந்த பதில் அன்று.

பழங்காலக் கிரேக்கரும் இவ்வாறே வணங்கினர். வானமும் மழையும் சீயூஸ் தேவனுடையவை. கடலும் நிலநடுக்கமும் பொசைடனுடையவை. தானியத்துக்கு டிமீட்டர், நெருப்புக்கும் கொல்லுலைக்கும் ஹெபேஸ்டஸ். ஏதென்ஸ் நகரச் சந்தைவெளிக்கு மேலே ஹெபேஸ்டஸ் கோவில் இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றி ஒருகாலத்தில் உலோகப் பட்டறைகள் இருந்தன. வழிகளுக்கும் எல்லைகளுக்கும் உரிய ஹெர்மஸின் கற்றூண்களை வீட்டு வாசலிலும் தெருச் சந்தியிலும் நாட்டினர். வானத்தை ஆண்ட அதே சீயூஸ், வேறொரு பெயரில், வீட்டின் பண்டசாலையையும் காத்தான்! ஒரே தெய்வத்துக்குப் பல பொறுப்புகள் வந்தது இப்படித்தான். ஆபத்து எங்கிருந்ததோ, அங்கே மனிதன் ஒரு காவலைத் தேடினான்.

ரோதைமுனியின் கதையும் இதுவே. தமிழகத்திலிருந்து வந்தபோது முனி ஊரையும் எல்லையையும் காத்தவர். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின, ஸ்டோர்களும் எழுந்தன. ரோதை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். சக்கரம் என்று பொருள். தொடக்ககால ஸ்டோர்கள் பலவற்றை நீர்ச்சக்கரமே ஓட்டியது. சுழலும் பட்டியில் கை அகப்பட்டால் கை போயிற்று. ஊரைக் காத்தவரை இயந்திரத்துக்கும் காவல் வைத்தார்கள். தொழிலாளிக்கு வேறு பாதுகாப்பு என்ன இருந்தது?

மாரியம்மன் வந்த வழி இன்னும் துயரமானது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்த நம் முன்னோரில் ஏராளமானோர் வாந்திபேதியிலும் அம்மை நோயிலும் மடிந்தனர். அந்தப் பாதை வந்துசேரும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோவில் இருப்பது காரணமில்லாமல் அல்ல. பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, அம்மன் வழிபாடு போகவில்லை. மாரி என்றால் மழையும் அல்லவா! மழையும் பிள்ளைப்பேறும் தோட்டத்தின் நலமும் அவளிடமே கேட்கப்படுகின்றன. ஆண்டுத் திருவிழாவில் தோட்டமே ஒன்றுகூடுகிறது.

நாமும் காணாமற்போன பொருளுக்குப் புனித அந்தோனியாரையும், கொள்ளைநோய்க்குப் புனித செபஸ்தியாரையும் நாடுகிறோமே, இது வேறா என்று ஒருவர் கேட்கக்கூடும். வேறுதான். புனிதரிடம் நாம் கேட்பது, நமக்காக இறைவனை மன்றாடும்படி. ஆனால் நம்மிலும் சிலர் அந்தோனியாரைக் காவல்தெய்வம்போல் நடத்துவதைப் பார்க்கும்போது, பக்கத்துக் காம்பராவைக் கேலிசெய்ய நமக்கு அதிக உரிமை இல்லை என்றே தோன்றுகிறது.

அப்போஸ்தலர் பணி 14-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். லிஸ்திராவில் முடவன் ஒருவன் நடந்ததும், மக்கள் பர்னபாவைச் சீயூஸ் என்றார்கள். முன்நின்று பேசிய புனித சின்னப்பரை ஹெர்மஸ் என்றார்கள். பேச்சும் தூதும் ஹெர்மஸின் வேலை. பூசாரி காளைகளோடும் மாலைகளோடும் வந்துவிட்டார். அப்போஸ்தலர்கள் தம் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு ஓடித் தடுத்தார்கள். பயனற்ற இவற்றை விட்டு உயிருள்ள கடவுளிடம் திரும்பும்படி ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். ஆனால் அந்த மக்களைப் பழிக்கவில்லை. அவர்கள் அறிந்த வானத்து மழையையும் விளைச்சல் காலத்தையும் வயிற்றுக்குக் கிடைக்கும் உணவையும் சுட்டிக்காட்டி, அவற்றைத் தந்தவரைப் பற்றியே பேசினார்கள்.