கண்மாயில் நிற்க ஒரு பலகை

தம்பி,

நின்றபடி துடுப்புப் போடும் மரப்பலகைக்கு நீ வரைந்து அனுப்பிய படம் கிடைத்தது. பதினோரு அடி நீளம், முழுக்கக் கெட்டித் தேக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்த் தச்சு பார்த்த வீட்டுப் பையன் இப்படித்தான் தொடங்குவான். இலுப்பையும் தேக்கும் ஆண்டாள் தேருக்குச் சரி. வடம் பிடிக்க ஊரே வரும். உன் பலகையை ஒரே ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேற வேண்டும். அதனால் எடையை முதலில் பேசுவோம்.

நீளம் 335 செ.மீ., அகலம் 79, கனம் 12 என்று வைத்துக்கொள். பெட்டியாக இருந்தால் 317 லிட்டர். மூக்கும் வாலும் ஒடுங்குவதால் ஏறக்குறைய 200 லிட்டர் மிஞ்சும். 75 கிலோ ஆளும் 17 கிலோ பலகையும் மிதக்க 92 லிட்டர் போதும். மீதிதான் அவன் கால் நடுங்காமல் நிற்பதற்கு. இதே வடிவத்தை மலைவேம்பில் கெட்டியாகச் செதுக்கினால்கூட எண்பது கிலோ வரும். தேக்கில் எவ்வளவு என்று நீயே போட்டுப் பார்.

வழி உள்ளீடற்ற கூடு. அமெரிக்காவின் டாம் பிளேக் ஹவாயின் பழைய கனத்த அலைச்சறுக்குப் பலகைகளைப் பார்த்துவிட்டு, உள்ளீடற்ற பலகைக்கு 1932-ல் காப்புரிமை வாங்கினார். உன் கூட்டுக்கு நடுவே ஒரு முதுகெலும்பு, அடிக்கொரு விலா, மேலும் கீழும் 5 மி.மீ. தோல். விலாக்களில் பெரிய ஓட்டை போட்டு எடையைக் குறை. நம் கடற்கரைக் கட்டுமரத்தை முன்மாதிரியாகச் சொல்லியிருந்தாய். அது வேறு தர்க்கம். அங்கே மரமே மிதக்கிறது, தண்ணீர் ஊறத்தான் செய்யும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து உலர்த்துவார்கள். உன் கூட்டை அவிழ்க்க முடியாது. உள்ளே புகுந்த தண்ணீர் உள்ளேயே கிடந்து அழுகும்.

மரத்துக்கு மலைப்பக்கம் பார்க்காதே. அது 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. ஒட்டுப்பலகை ஆலைகளுக்காக விவசாயிகள் வளர்க்கும் மலைவேம்பு போதும். இலேசானது, நேராக வளரும், கட்டுமரத்துக்கும் ஆன மரம். பச்சை மரம் வாங்கினால் அறுத்து நிழலில் காயப்போடு. ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை பசை தொடாதே. விலாவுக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் வாங்கு. முத்திரையைக் கண்ணால் பார்த்து வாங்கு, கடைக்காரர் வாய்ச்சொல் போதாது.

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை மறக்க முடியாதுதான். கண்ணாடி இழைத் துணிக்குப் பதிலாக அதைப் போர்த்தலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். பருத்தி பிசினை அளவில்லாமல் குடிக்கும், எடை ஏறும்; எங்காவது கீறல் விழுந்தால் நூல் வழியாகவே ஈரம் பரவும். சதுர மீட்டருக்கு 200 கிராம் கண்ணாடித் துணி ஒரு படலம் போதும். எப்பாக்சிப் பிசினில் நனைந்ததும் அது கண்ணுக்கே தெரியாது, மரத்தின் ரேகை அப்படியே துலங்கும். எப்பாக்சியை மாலையில் பூசு. காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். அதன் மேல் புற ஊதாக் கதிர் தாங்கும் வார்னிஷ் கட்டாயம். வெறும் எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகிப் பொடியும்.

இனி உன் படத்தில் இல்லாத ஒன்று: காற்றுத் துளை. அதிகாலை 25 டிகிரியில் மூடிய பலகை, பங்குனி வெயிலில் காரின் கூரைமேல் கிடந்து 65 டிகிரிக்குப் போனால் உள்காற்றின் அழுத்தம் 13 சதவீதம் ஏறும். சின்ன எண்தான். ஆனால் மேல்தோலின் முழுப் பரப்புக்கும் கூட்டினால் இரண்டரை டன்னுக்கு மேல் உள்ளிருந்து தள்ளும். ஒட்டு பிளக்கும். சூடான பலகையைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் காற்று சுருங்கி, இருக்கிற விரிசல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மேல்பக்கம் ரப்பர் வளையத்தோடு ஒரு பித்தளைத் திருகு மூடி வை. விலாக்களுக்கு இடைப்பட்ட வெளியெல்லாம் ஓட்டை வழியாக ஒரே காற்றறையாக இருக்கட்டும். கரையில் திறந்து வை, தண்ணீரில் மூடு. சின்னச் சாமான் அது, அதை விட்டுவிட்டு முன்பக்கத்தில் மயில் செதுக்கப் போகிறாய்!

வடிவத்தைக் கடலுக்காக வரைந்திருக்கிறாய். மூக்கு ஒரேயடியாகத் தூக்கியிருக்கிறது. உனக்குக் கிடைப்பது அலையில்லாத கண்மாய். மூக்கு நான்கு அங்குலம் உயர்ந்தால் போதும், அடி தட்டையாக இருக்கட்டும். வாலடிச் சிறகைக் குட்டையாக, கழற்றி மாட்டுவதாக வை. சீமைக்கருவேல அடிக்கட்டை தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. ஆகாயத்தாமரையும் சிறகில் சுற்றும்.

ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் வெள்ளோட்டம் விடும் ஆசையை விட்டுவிடு, அது ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர். திருமுக்குளம் கோயில் குளம், அந்தப் பேச்சே வேண்டாம். கண்மாய் என்றாலும் மீன்பாசி குத்தகைக்காரரிடமும் நீர்வளத் துறையிடமும் கேட்டுக்கொண்டு இறங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறையும். தை மாதத்துக்குள் பலகையை முடித்தால் நிற்கத் தண்ணீர் இருக்கும். மிதவைச் சட்டை போட்டுக்கொள். நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் நிற்காமல் தண்ணீரில் கால் வைக்காதே.